ஏழு டிகிரி வலப்பக்கம்

"கையை எடுங்க மச்சான்."

ஏணியின் மேல்படியில் நின்றபடி அவள் கணவன் சொன்னான். சத்தமாகச் சொல்லவில்லை. பசை வாளியைக் கலக்கிக்கொண்டிருந்த அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

கீழே முழங்காலிட்டிருந்த அவள் அண்ணன், தாளின் அடி விளிம்பிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துக் காதுக்கு மேலே உயர்த்திக் காட்டினார். "எடுத்தாச்சு மாப்பிள்ளை. வேணும்னா வெட்டியே குடுத்துடறேன்."

"நேத்தும் இதே கதைதான். மேல நான் நேரா ஒட்டுறேன், கீழ வர்றதுக்குள்ள இழுத்துக்கிட்டுப் போயிருக்கு. பேய் வந்து இழுக்குதா?"

"பேய்க்கு வேற வேலை இருக்கும்."

கணவன், அப்போதுதான் ஒட்டிய தாளை மேல் முனையில் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். பசை ஊறிய தாள் சுருண்டு, கீழே இருந்தவர் தலையிலும் தோளிலும் ஈரத் துணிபோல விழுந்தது. அண்ணன் அதை எடுத்துப் போடாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவள் கையில் துடுப்போடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பதினெட்டு வருடமாக மூவரும் இப்படித்தான் வால்பேப்பர் ஒட்டுகிறார்கள். அவள் அளந்து வெட்டிப் பசை தடவுவாள். கணவன் ஏணியில் ஏறி மேல் முனையைச் சுவரில் பதிப்பான். அண்ணன் கீழே இருந்து காற்றுக்குமிழ் இல்லாமல் நீவிவிடுவார். எந்தச் சுவரிலும் முதல் தாள் செங்குத்தாக நின்றால்தான் அடுத்ததெல்லாம் நிற்கும். அதற்காகத்தான் மற்றவர்கள் நூலில் தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டுக் கோடு போடுவார்கள். இவர்கள் போடுவதில்லை. அவள் கணவன் ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்து வைத்தால் வைத்ததுதான். அப்புறம் யார் வந்து அளந்தாலும் மயிரிழை பிசகாது. தொழிலில் அவனுக்கு 'நூலு' என்றே பெயர். தூக்குக்குண்டு ஒன்று பெட்டியின் அடியில் கிடக்கிறது. அவன் எதிரில் அதை வெளியே எடுப்பதும் அவன் கன்னத்தில் அறைவதும் ஒன்றுதான் என்று மூவருக்கும் தெரியும்.

இந்த இடம் கட்டி முடியாத ஒரு ஹோட்டலின் வட்டக் கூடம். மூலை கிடையாது. ஜன்னல்களைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். மின்சாரம் இன்னும் வராததால், எங்கிருந்தோ ஒயர் இழுத்து ஒரே ஒரு விளக்கைக் கம்பத்தில் மாட்டியிருந்தார்கள். அது சுவரில் ஒரு வெள்ளைத் துண்டை மட்டும் காட்டும். ஒட்ட வேண்டியதோ சாம்பலும் வெண்மையுமாய்க் கோடு போட்ட தாள். பூப்போட்ட தாளில் கொஞ்சம் சாய்ந்தாலும் பூ மறைத்துவிடும். கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

காட்டிக்கொடுத்தது. நேற்று சூப்பர்வைசர் ஒரு சின்னக் கருவியைத் தரையில் வைத்து விசையை அழுத்தினான். சுவரில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு எழுந்தது. ஒட்டிய பதினோரு தாளும் அதன் பக்கத்தில் காற்றில் சாய்ந்த நாணல்மாதிரி வலப்பக்கம் சரிந்து நின்றன. நடுநடுவே சுருக்கம் வேறு.

"உங்க மிஷின் கோணல்," என்றான் கணவன்.

சூப்பர்வைசர் சிரித்தான். "மிஷினுக்குக் கண்ணு வலிக்காது நூலு. சனிக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் கிழிச்சு நேரா ஒட்டிக் குடு. இல்லன்னா வேற ஆளு வருவாங்க."

அந்தச் சிரிப்பிலிருந்துதான் ஆரம்பித்தது. போன மாதம் இதே சூப்பர்வைசர் அண்ணனைத் தனியே கூப்பிட்டு, "நீங்க தனியா வேலை எடுக்க மாட்டீங்களா?" என்று கேட்டிருந்தான். அண்ணன் அதை வீட்டில் ஜோக்காகச் சொன்னார். அப்போது சிரித்த கணவன் இப்போது அதைத் தோண்டி எடுத்து, கூட்டிக் கழித்து, கணக்கு சரியாக வருகிறது என்று முடிவு கட்டிவிட்டான். தன் பெயரைக் கெடுத்துவிட்டு மச்சான் தனிக்கடை போடப் போகிறார். அதற்காகத்தான் கீழே இருந்து இழுக்கிறார்.

நேற்றே அவள் அண்ணனைத் தனியாகப் பிடித்துக் கேட்டுவிட்டாள். "நீ இழுத்தியா?"

"இல்ல. நான் ஏன் இழுக்கணும்? நீயுமா?" என்றார். அவர் கண்ணைப் பார்த்தாள். நம்பினாள்.

சாப்பாட்டு நேரத்தில் கணவன் அவளைச் சிமென்ட் மூட்டைகளின் பக்கம் கூப்பிட்டான். அண்ணன் பத்தடி தள்ளி உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். அவர் காதில் விழ வேண்டும் என்றே கணவன் பேசினான்.

"நாளைக் காலையில இந்த வேலைக்கு நான் வரணுமா, உங்க அண்ணன் வரணுமா? நீயே சொல்லு. வேலைக்கு மட்டும் இல்ல. மாடியையும் காலி பண்ணச் சொல்லு."

அண்ணனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவர்கள் வீட்டு மாடி அறைதான் அவருக்கு வீடு. இந்த இரண்டு பேரைத் தவிர அவருக்கு உலகத்தில் யாரும் கிடையாது. அது கணவனுக்கும் நன்றாகத் தெரியும்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க ஏதோ நெருடியது. அவன் தலை வலது தோள் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது, யாரோ ரகசியம் சொல்வதைக் கேட்பதுபோல. சட்டையின் வலது தோளில் சுண்ணாம்பு. நேற்றுத் துவைத்த சட்டையிலும் வலது தோள்தான். அதற்கு முந்தினதிலும். வாசற்படி தாண்டும்போதெல்லாம் வலப்பக்க நிலையில் இடித்துக்கொண்டு, கதவைத் திட்டுவான். காலையில் முகத்துக்குச் சோப்புப் போட்டவன் கண்ணை மூடியதும் தள்ளாடிக் குழாயைப் பிடித்துக்கொண்டதையும் அவள் பார்த்திருந்தாள். தரை வழுக்குகிறது என்றான். தரை காய்ந்து கிடந்தது.

மூன்று வாரம் முன்பு அவனுக்குச் சளியும் காய்ச்சலும் வந்தது. அது விட்ட மறுநாள் காலை எழுந்து உட்கார்ந்தவன், "வீடு சுத்துது, கட்டிலைப் பிடி" என்று அலறினான். கட்டிலை அல்ல, அவனைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. மூன்று நாள் கண்ணைத் திறந்தால் வாந்தி. தெருமுனை டாக்டர் மாத்திரை கொடுத்து, காது டாக்டரைப் பார்க்கச் சொல்லி ஒரு சீட்டும் எழுதினார். "தலை சுத்துனதுக்குக் காதைப் பார்க்கணுமாம். நாளைக்குப் பல்லு வலிச்சா முட்டியைப் பார்க்கச் சொல்வான்," என்று அவன் சீட்டைச் சட்டைப்பையில் திணித்தான். ஐந்தாம் நாள் ஏணியில் ஏறிவிட்டான். துவைக்கும்போது எடுத்து வைத்த சீட்டு இன்னும் அவள் பர்ஸில் இருந்தது.

"சொல்றேன்," என்றாள் அவள். "ஆனா இன்னிக்கு என்கூடக் காது டாக்டர்கிட்ட வாங்க. உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு அவர் சொன்னா, எங்க அண்ணனை நானே என் வாயால போகச் சொல்றேன்."

மறுப்பான் என்று நினைத்தாள். அவன் துள்ளிக்கொண்டு எழுந்தான். "இப்பவே போலாம். வா."

அந்த வேகம்தான் அவளைக் குத்தியது. பத்தடி தள்ளி அண்ணன் டிபன் பாக்ஸை மூடும் சத்தம் கேட்டது. அவர் ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

*

கிளினிக்கில் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் டெக்னீஷியன் பெண் ஒருத்தி சோதனை செய்தாள். நல்ல உயரம், நல்ல பருமன், காலையிலிருந்து நாற்பது காதுகளைப் பார்த்த அலுப்பு முகத்தில். தரையில் கிடந்த தடிமனான ஸ்பாஞ்சின் மேல் கணவனை ஏற்றினாள்.

"காலைச் சேர்த்து வைங்க. கையைக் கட்டிக்குங்க. கண்ணை மூடுங்க."

"இதெல்லாம் ஸ்கூல் பிள்ளைங்களுக்கு. நான் இருபது அடி ஏணியில நிக்கிறவன்."

"அதான் எனக்கும் பயமா இருக்கு. மூடுங்க."

மூடினான். மூன்று எண்ணுவதற்குள் மரம் சாய்வதுபோல வலப்பக்கம் சாய்ந்தான். டெக்னீஷியன் அவன் பெல்ட்டை ஒரு கையால் பிடித்து நிறுத்தினாள்.

"தரை சரியில்ல," என்றான் அவன்.

"தரை சரியாத்தான் இருக்கு. கண்ணும் காலும் இதுவரைக்கும் உங்களைத் தாங்கிட்டிருந்துச்சு. கண்ணை மூடிட்டீங்க, காலுக்குக் கீழ மெத்து மெத்துன்னு வெச்சாச்சு. காது ஒண்ணை மட்டும் நம்பி நின்னீங்க. அது கைவிட்டுருச்சு."

அடுத்து டெக்னீஷியன் எடுத்து வந்தது ஒரு நீல பிளாஸ்டிக் வாளி. உள்ளே அடிப்பாகத்தில் குறுக்காக ஒரு கறுப்புக் கோடு. வெளியே, அடியின் பின்புறம், அரைவட்டத்தில் டிகிரி குறித்திருந்தது. நடுவிலிருந்து ஒரு நூல் தொங்கியது. நூலின் நுனியில் ஒரு சின்ன நட்டு.

கணவன் வாளியைப் பார்த்துச் சிரித்தான். "இதுல நான் பசை கலக்குவேன். நீங்க காதா பார்க்கிறீங்க?"

"முகத்தை உள்ள விடுங்க. வெளிய எதுவும் தெரியக்கூடாது. கோடு மட்டும்தான் தெரியணும். நான் வாளியை மெதுவாத் திருப்புவேன். கோடு நேரா நிக்குதுன்னு தோணும்போது நிறுத்துன்னு சொல்லுங்க."

இந்தச் சோதனையைக் கேட்டதும் அவன் முதுகு நிமிர்ந்தது. பதினெட்டு வருடம் வயிறு வளர்த்த வித்தை. மனைவியைத் திரும்பிப் பார்த்து, "அண்ணனுக்குப் பெட்டி கட்டச் சொல்லு," என்றுவிட்டு வாளிக்குள் முகத்தை விட்டான்.

அவள் வாளியின் பின்புறம் நின்றாள். கோடு அவளுக்குத் தெரியவில்லை. நூலும் எண்ணும் மட்டும் தெரிந்தன. டெக்னீஷியன் திருப்பினாள். நூல் இருபதிலிருந்து பதினைந்துக்கு வந்தது, பத்துக்கு வந்தது.

"நிறுத்து."

நூல் எட்டில் நின்றது. வலப்பக்கம் எட்டு.

மறுபுறத்திலிருந்து திருப்பினாள். நூல் பூஜ்யத்தைத் தாண்டியது. 'இங்கே சொல்லுங்க, இங்கே' என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. அவன் சொல்லவில்லை. பூஜ்யத்தைக் கடந்து வலப்பக்கம் ஆறில்தான், வாளிக்குள்ளிருந்து கிணற்றுக் குரல்போல வந்தது: "இப்ப. சூப்பரா நிக்குது."

பத்து முறை. ஏழு, எட்டு, ஆறு, ஏழு. ஒரு முறைகூட ஐந்துக்குக் கீழே வரவில்லை. ஒரு முறைகூட அவன் குரலில் சந்தேகம் வரவில்லை. தப்பு செய்கிறவன் குரல் இப்படி இருக்காது. அவன் ஏணியில் நின்று இத்தனை நாள் பொய் சொல்லவில்லை.

டெக்னீஷியன் வாளியை எடுத்து நூலைக் காட்டினாள். "சராசரி ஏழு டிகிரி, வலப்பக்கம்."

"வாளி கோணல்."

"சரி. அம்மா, நீங்க வாங்க."

அவள் முகத்தை உள்ளே விட்டாள். பிளாஸ்டிக் வாசனை. எதுவும் இல்லாத வெளியில் ஒரே ஒரு கோடு. நேராகத் தெரிந்தபோது நிறுத்தச் சொன்னாள். வெளியே வந்து பார்த்தபோது நூல் பூஜ்யத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றது. கணவன் நூலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"பேசி வெச்சுக்கிட்டு வந்தியா?"

"யார்கிட்ட? வாளிகிட்டயா?"

டெக்னீஷியன் சிரிக்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். "என்ன வேலை பார்க்கிறீங்க?"

"வால்பேப்பர் ஒட்டுறோம்," என்றாள் அவள்.

"அப்ப இப்படிச் சொல்றேன். காதுக்குள்ள, கேக்கிற பகுதிக்குப் பக்கத்துலயே, சின்னப் பைங்க இருக்கு. பையில மெல்லிசு ரோமம். ரோமத்து மேல சுண்ணாம்புத் தூள்மாதிரி நுணுக்கமான கல்லு. தலை சாய்ஞ்சா கல்லு சரியும், ரோமம் வளையும், கீழ எதுன்னு மூளைக்குத் தெரியும். தலையைத் திருப்புறதுக்குத் தனியா மூணு குழாய், தண்ணியோட. இந்தப் பக்கம் ஒரு செட்டு, அந்தப் பக்கம் ஒரு செட்டு. ரெண்டு பேரு ஒரு தாளை ரெண்டு முனையில பிடிச்ச மாதிரி. ஒருத்தர் கையை விட்டுட்டா என்ன ஆகும்?"

கணவன் தன் காதைத் தொட்டுப் பார்த்தான்.

"உங்க காய்ச்சல்ல வலது காது நரம்பு வீங்கிருச்சு. அது கையை விட்டுருச்சு. உங்க உலகமே வலப்பக்கம் சரிஞ்சிருச்சு, கூட நீங்களும் சரிஞ்சுட்டீங்க. அதனால உங்களுக்குத் தெரியாது."

டாக்டர் அதையே இரண்டு வரியில் சொல்லி, இரண்டு மாதத்துக்கு ஏணி கூடாது என்று எழுதினார். கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே தலையைத் திருப்பும் பயிற்சி, நடைப்பயிற்சி. பெரும்பாலும் சரியாகிவிடும், மூளை பழகிக்கொள்ளும் என்றார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கணவன் அவளை இடித்தான். பத்தடிக்கு ஒரு தடவை இடித்தான்.

"ஏன் வந்து வந்து மோதுற?"

"நீங்கதான் மோதுறீங்க."

"அந்தப் பக்கம் வாயேன்."

அந்தப் பக்கம் போனால் அவனுக்கு வலப்புறம் சாக்கடை. அவள் போகவில்லை. வீடு வரைக்கும் அவன் இடியை வாங்கிக்கொண்டே நடந்தாள், ஒரு சமாதான வார்த்தை பேசாமல்.

*

மாடிப்படியின் கீழே இரண்டு பைகள் இருந்தன. அண்ணன் அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன சொன்னான் டாக்டர்?" என்று தங்கையைக் கேட்டார்.

"காதுல கோளாறு. அவருக்கு நேரா இருக்கிறது நேரா தெரியல. ஏழு டிகிரி சாயுது."

அண்ணன் தலையை ஆட்டினார். ஆச்சரியமே படவில்லை. "முதல் நாளே எனக்குத் தெரியும்."

கணவன் நிலைப்படியில் நின்றுவிட்டான். "என்ன தெரியும்?"

"நீங்க சாய்ச்சு ஒட்டுறது. முதல் தாளுலயே தெரிஞ்சுது."

"அப்ப இழுத்தது?"

"நான்தான்."

கணவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நோய் என்று கேட்டபோது இடிந்துபோன முகம் இப்போது வென்றவன் முகம். "பார்த்தியா? பார்த்தியா நீ? நான் சொன்னேன்ல. இழுத்தாரு. நான் பைத்தியக்காரன் இல்ல."

"நேராக்கத்தான் மாப்பிள்ளை இழுத்தேன். மேல கோணல், கீழயாவது நேரா இருக்கட்டும்னு."

"அதனாலதான் நடுவுல சுருங்குச்சு. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"உங்ககிட்டயா? பதினெட்டு வருஷத்துல ஒரு தடவை உங்களைத் தப்புன்னு சொல்ல விட்டிருக்கீங்களா? தூக்குக்குண்டைத் தொட்டாலே ஒரு வாரம் சாப்பிட மாட்டீங்க. உங்க கண்ணுக்குக் கும்பிடு போட்டுப் போட்டே என் முட்டி தேஞ்சு போச்சு."

"தேஞ்ச முட்டியோட போய்த் தனிக்கடை போடுங்க."

"போடத்தான் போறேன்."

"நிறுத்துங்க ரெண்டு பேரும்."

அவள் கத்தவில்லை. ஆனால் பர்ஸைத் தரையில் எறிந்தாள். அது திறந்து, சில்லறையும் சீட்டும் சிதறின. அண்ணனிடம்தான் முதலில் போனாள்.

"நான் கேட்டேன். இழுத்தியான்னு கேட்டேன். என் கண்ணைப் பார்த்து இல்லைன்னு சொன்ன. உன்னை நம்பி நான் அவரைச் சந்தேகப்பட்டேன்."

அண்ணன் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நீங்க," என்று கணவன் பக்கம் திரும்பினாள். "உங்க காது சரியாகிடும். டாக்டர் சொல்லிட்டாரு. எங்க அண்ணனை வீட்டை விட்டுத் துரத்தணும்னு சொன்னதும் துள்ளிக் குதிச்சு எழுந்தீங்களே, அதுக்கு எந்த டாக்டர்கிட்ட போறது?"

கணவன் நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"சனிக்கிழமைக்குள்ள அந்தச் சுவர் முடியணும். அண்ணன் மேல ஏறட்டும். நீங்க கீழ. முடியுற வரைக்கும் இந்தப் பை ரெண்டும் இங்கயே கிடக்கட்டும்."

அண்ணன் பையின் காதை விட்டுவிட்டுச் சொன்னார். "ஏறுறேன். ஆனா நான் மேல விட்ட தாளை அவர் கீழ இருந்து ஒரு நூல் இழுத்தாலும், அந்த நிமிஷமே இறங்கி வந்து பையை எடுத்துக்குவேன். அப்புறம் நீ கூப்பிட்டாலும் வர மாட்டேன்."

கணவன் சுவரைப் பிடித்தபடி உள்ளே போனான்.

*

காலையில் பழைய பதினோரு தாளையும் கிழித்துச் சுவரைக் கழுவினார்கள். அண்ணன் பெட்டியின் அடியைத் துழாவித் தூக்குக்குண்டை எடுத்தார். கணவன் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்கப் போனான். ஏணி உச்சியிலிருந்து நூல் இறங்கி, ஆடி, ஆடி, நின்றது. அண்ணன் அதை ஒட்டிப் பென்சிலால் கோடு கிழித்தார்.

அவள் முதல் தாளில் பசை தடவி மடித்துக் கொடுத்தாள். அண்ணன் மேல் முனையைக் கோட்டோடு சேர்த்துப் பதித்து, மீதியைக் கீழே விட்டார். கணவன் முழங்காலிட்டு உட்கார்ந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தாளை அடியிலிருந்து மேல்நோக்கிப் பார்த்தான்.

"இடப்பக்கம் சாயுது," என்றான்.

அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதுகு மட்டும் விறைத்திருந்தது.

"நல்லாவே சாயுது. இப்படியே விட்டா பதினோராவது தாள் தரையில படுத்திடும்."

அவள் பசைத் துடுப்பைக் கீழே வைத்தாள். கணவன் கைகள் தாளின் விளிம்பில் இருந்தன. ஈரத் தாள், அரை விரல் அசைத்தால் போதும், வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அவன் கண்ணில் அந்தத் தாள் எவ்வளவு கோணலாகத் தெரியும் என்று இப்போது அவளுக்குத் தெரியும். பத்து முறை அந்தக் குரலைக் கேட்டவள். அவன் விரல் நுனிகள் வெளுத்தன.

சொல்லலாமா, 'வேண்டாங்க' என்று? சொன்னால் அவள் சொன்னதற்காக விட்டதாக ஆகும். வாயை இறுக மூடிக்கொண்டாள்.

கணவன் கண்ணை மூடினான். உடனே உடம்பு வலப்பக்கம் சரிந்தது. தோளைச் சுவரில் முட்டுக்கொடுத்துச் சமாளித்துக்கொண்டான். பிறகு கண்ணைத் திறக்காமலே, உள்ளங்கையைத் தாளின் நடுவில் வைத்து, நேர் கீழே, மெதுவாக நீவினான். இழுக்கவில்லை. காற்று ஒரு சின்னச் சத்தத்தோடு அடியில் வெளியேறியது.

மேலேயிருந்து அண்ணன் எட்டிப் பார்த்தார். பென்சில் கோட்டையும் தாளின் விளிம்பையும் மேலிருந்து கீழ் வரை பார்த்தார். மயிரிழை விலகவில்லை.

"கோணல்தான்," என்றான் கணவன், கண்ணைத் திறந்து. குரலில் விஷம் அப்படியே இருந்தது. "நான் சொல்லிட்டேன். நாளைக்கு யாரும் என்னைக் கேக்கக் கூடாது."

"கோணலாவே இருக்கட்டும் மாப்பிள்ளை," என்றார் அண்ணன். ஏணியை அடுத்த தாளுக்கு நகர்த்தச் சொல்லிக் காலால் தட்டினார். "நீங்க நீவுங்க."